இருபத்தைந்து நிமிடப் பிணக்கு

எண்பதாம் ஆண்டு தொடக்கத்தில் அரசாங்கம் மர்லியாவைக் குத்தகைக்கு விட்டது. வீட்டில் போய் அவள் அப்படித்தான் சொன்னாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பதினொரு வருடமாக அவள் பதுளையில் சமூக சேவை உத்தியோகத்தர். வேலை முழுக்கத் தேயிலைத் தோட்டங்களில். காலை ரயிலில் தெமோதரையில் இறங்கி, குடையும் பையுமாக மலையேறி, சின்னப்பாறைத் தோட்டத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போவாள். பதியாமல் விட்ட பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு, இருமிக்கொண்டே கிடப்பவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதிக்க வைப்பது, பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய பெண்பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஆயிரம் சோலி. காலையில் மலையேறும்போது அன்றைக்கு என்ன வேலை என்று அவளுக்கே தெரியாது. இறங்கும்போது கால்வலி மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

அலுவலகத் தலைவர் இராசையா ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. அதனால் எந்தச் சுற்றறிக்கையையும் அவர் மங்களம் பாடுகிற குரலில்தான் வாசிப்பார். இதையும் அப்படியே வாசித்தார். தோட்டங்களின் சமூக சேவை இனிமேல் 'மலை மகிழ்வு நலன்புரிச் சங்கம்' என்ற கொழும்புச் சங்கத்திடம் ஒப்பந்த அடிப்படையில் ஒப்படைக்கப்படுகிறது. அலுவலகமும் உத்தியோகத்தரும் சேர்த்து.

"சேர்த்து எண்டா என்ன சேர்?" என்று மர்லியா கேட்டாள்.

இராசையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேசை ரெண்டு, கதிரை நாலு, இரும்பு அலுமாரி ஒண்டு. பிறகு நீங்க."

அலுமாரிக்கு அடுத்ததாகத் தன் பெயர் இருப்பதை அவளே எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். கதிரைகளில் ஒன்றுக்குக் கால் உடைந்திருப்பதாகக் குறிப்பு இருந்தது. அவளைப் பற்றிக் குறிப்பு ஏதும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் ஜாபிருக்குத்தான் தாங்க முடியவில்லை. "கவர்மென்ட் வேல எண்டு சொல்லித்தானே உம்மாவச் சமாளிச்சி உன்ன மலை மலையா ஏற விட்டன். இப்ப கேக்குற ஆக்களுக்கு நான் என்னத்தச் சொல்ற?"

"அதே வேலதான் நானா. அதே மலைதான்."

"அப்ப என்னதான் மாறியிருக்கு?"

அந்தக் கேள்விக்கான பதில் அடுத்த திங்கட்கிழமை கழுத்துப்பட்டியோடு வந்தது. பெயர் ஷுக்ரி. வயது இருபத்தாறு. பக்கத்துத் தெருப் பையன்தான், அவளை அக்கா முறையில் ராத்தா என்பவன். கொழும்பில் முகாமைத்துவம் படித்துவிட்டுச் சங்கத்தின் பதுளை இணைப்பாளராகத் திரும்பியிருந்தான். வந்த அன்றே சுவரில் ஒரு பெரிய அட்டையை மாட்டினான். மாதத்துக்கு ஒரு கட்டம். இலக்கை எட்டினால் பச்சைப் புள்ளி, எட்டாவிட்டால் சிவப்பு. மூன்று சிவப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அட்டையில் இல்லை. ஷுக்ரி வாயால் சொன்னான்: "சான்றிதழ் எடுத்த புள்ளைகள் கொழும்புல நெறையப் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க ராத்தா." பிறகு குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் அப்பிடித்தான். எனக்கும் அங்க ஒரு அட்ட இருக்கு."

அடுத்ததாகப் படிவத்தை எடுத்தான். சங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த ஒப்பந்தத்தில் வேலை மூன்று இனமாகப் பிரிக்கப்பட்டிருந்தது: வீட்டுத் தரிசிப்பு, சுகாதார அறிவுரை, குடும்பப் பிணக்குத் தீர்வு. இந்தக் கடைசி இனம்தான் சங்கத்தின் தனிச் சிறப்பாம். மாதம் பதினைந்து பிணக்கு. பிணக்கு ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம்.

"பதினஞ்சு சண்ட இல்லாட்டி?"

"இருக்கும் ராத்தா. மனுசன் இருக்கிற எடத்துல பிணக்கு இருக்கும். கொழும்புல ஆராய்ச்சி செஞ்சே எழுதியிருக்காங்க."

ஆராய்ச்சி செய்தவர்கள் கொழுந்துக் காலத்தில் சின்னப்பாறைக்கு வரவில்லை போலும். விடிய ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் இருட்டும்வரை மலையில் நிற்கிற சனத்துக்குச் சண்டை போட நேரம் ஏது? மீறிப் போட்டாலும் சோறு வேகுமுன் முடிந்துவிடும். மர்லியா அந்த மாதம் முழுக்கத் தேடி அலைந்து இரண்டே இரண்டு பிணக்குகளைக் கண்டுபிடித்தாள். ஒன்று, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் தானாகவே தீர்ந்துவிட்டது. மற்றது ஒரு சேவலைப் பற்றியது. சேவலை அதற்குள் சமைத்துவிட்டிருந்தார்கள், அவளுக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். ஹலால் இல்லை என்று அவள் கும்பிட்டு மறுத்ததில் மூன்றாவது பிணக்கு வரும்போல இருந்தது, வரவில்லை. அட்டையில் முதல் சிவப்புப் புள்ளி விழுந்தது.

இரண்டாம் மாதம் சின்னராசா வந்தார். தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டிய பழைய கவ்வாத்துக்காரர். வலது கண்ணில் பூ விழுந்து, பார்வை மங்கி, முந்தாநாள் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் விழுந்து எழும்பியிருந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். தனியாகப் போகப் பயம்.

மர்லியா படிவத்தைப் புரட்டினாள். கண் என்ற இனம் இல்லை. ஒரு முழு நாள் போகும். அந்த நாளுக்கு எதையாவது எழுதியாக வேண்டும். சின்னராசாவோ மங்கிய கண்ணாலும் நல்ல கண்ணாலும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டிக்கொண்டு போனாள். பின்னேரம் ரயிலில் உட்கார்ந்து, குடும்பப் பிணக்கு என்ற பக்கத்தை விரித்து எழுதினாள்: "முதலாம் தரப்பு: திரு. சின்னராசா. இரண்டாம் தரப்பு: அவருடைய வலது கண். ஒத்துழைக்க மறுத்தல். இரு தரப்பும் நிபுணரிடம் கொண்டுசெல்லப்பட்டன. சத்திரசிகிச்சைக்கு இணக்கம்."

எழுதிவிட்டு, யாராவது கேட்டால் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஒருவரும் கேட்கவில்லை. கொழும்பில் தரப்புகளை யாரும் வாசிப்பதில்லை, எண்ணிக்கையைத்தான் எண்ணுகிறார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அதன்பிறகு மடை திறந்தது. ஒரு தாய்க்கும் பிறப்புப் பதிவாளருக்கும் பிணக்கு. ஏழாம் லயத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நெடுநாள் மனக்கசப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கும் நாலாம் வகுப்புக்கும் பிரிவு, சேர்த்து வைக்கப்பட்டது. பழைய வேலையைத்தான் செய்தாள், அதற்குப் புதிய சட்டை போட்டு அனுப்பினாள், அவ்வளவுதான். இரண்டாம் மாதம் பதினேழு. மூன்றாம் மாதம் இருபத்தாறு. நாலாம் மாதம் நாற்பத்தொன்று. ஷுக்ரி பச்சைப் புள்ளியை மாதாமாதம் பெரிதாக்கிக்கொண்டே போய், இரண்டாவது மைப் புட்டி வாங்கினான்.

ஐந்தாம் மாதம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. குடும்பப் பிணக்குத் தீர்வில் தீவு முழுவதற்கும் சின்னப்பாறைதான் முதலிடம். சங்கத்தின் பணிப்பாளர் திரு. அமரதுங்க நேரில் வந்து பாராட்டப் போகிறார். கூடவே, ஒரு பிணக்கு தீர்க்கப்படுவதை அவர் தம் கண்ணாலேயே பார்க்க விரும்புகிறார்.

மர்லியா ஷுக்ரியின் மேசைக்குப் போனாள். "தம்பி, அந்த நாப்பத்தொண்டு பத்தி உங்களுக்கிட்ட ஒண்டு சொல்லணும்" என்று தொடங்கினாள்.

ஷுக்ரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "சொல்லாதீங்க ராத்தா. தெரிஞ்சா நான் எழுதணும். ஒரு சண்ட, இருவத்தஞ்சு நிமிசம். அவ்வளவுதான் கேக்குறன்."

அவள் நேரே தனலெட்சுமியிடம் போனாள். தனலெட்சுமி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகிற முப்பது குழந்தைகளை ஒற்றை ஆளாக மேய்க்கிறவள், எதற்கும் அசரமாட்டாள். ஒரு குழந்தையைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"சண்டக்காரங்களக் கூப்பிட்டா கெட்டோம் மிஸ்ஸி. அதுக ஆரம்பிச்சா நிப்பாட்டாதுக. சண்டையே போடாததுகளாப் பாத்துப் புடிக்கணும். சொல்ற எடத்துல ஆரம்பிச்சு, சொல்ற எடத்துல நிப்பாட்டும்."

அப்படித்தான் கணபதியும் பெரியாயியும் தெரிவானார்கள். மூன்றாம் லயத்தின் கடைசிக் காம்பரா. கணபதி தேயிலை ஆலையில் வேலை, பெரியாயி கொழுந்து. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். ஒரே மகளை எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர்கள் காம்பராவிலிருந்து இரைச்சல் வந்ததாக அடுத்த வீட்டுக்காரர்கூடக் கேட்டதில்லை. மிஸ்ஸிக்கு ஓர் உதவி என்றதும் இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். பெரியாயி ஏனோ புருஷனை ஒருதடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள். மர்லியா அதை வெட்கம் என்று நினைத்தாள்.

ஒத்திகை பெரும்பாடாகப் போனது. கணபதி குடித்துவிட்டு வருகிறார், பெரியாயி திட்டுகிறாள் என்பது கதை. கணபதி வாழ்நாளில் குடித்ததில்லை. தள்ளாடச் சொன்னால் கால் சுளுக்கியவர் மாதிரி நடந்தார். பெரியாயி அவரை "வாங்க" என்றாள்.

"வாங்கன்னு சொல்லாதக்கா, யோவ்னு சொல்லு" என்றாள் தனலெட்சுமி.

"எப்பிடிடீ சொல்றது? கட்டுன புருசன."

"சும்மாதானே."

பெரியாயி கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "யோ..." வரை வந்து சிரித்துவிட்டாள். கணபதியும் சிரித்தார். இந்த இருவரை வைத்துக்கொண்டு கொழும்பு ஆளை எப்படி ஏமாற்றுவது என்று மர்லியா யோசித்தாள். ஏமாற்றுவது என்ற சொல் மனதில் வந்ததும் ஒத்திகையை அத்தோடு நிறுத்திவிட்டாள்.

பணிப்பாளர் ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு ஜீப்பில் வந்து சேர்ந்தார். உயரமான, சாந்தமான மனிதர். தமிழ் தெரியாது; ஷுக்ரி மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. ஒரு மணிக்குப் பண்டாரவளையில் அவருக்கு விருந்து காத்திருந்தது. காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் இரண்டு கதிரை போட்டிருந்தார்கள். செய்தி பரவி, அன்று வேலைக்குப் போகாத சனமெல்லாம் வாசலில் கூடியிருந்தது. ஷுக்ரி கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

கணபதி சுளுக்கு நடையில் வந்தார். பெரியாயி கதவு நிலையில் நின்றாள்.

"குடிச்சிட்டா வாறீங்க?" என்றாள், கடிதம் வாசிப்பவள் போல.

"ஆமா. குடிச்சிட்டுத்தான் வாறேன்" என்றார் கணபதி மரியாதையாக.

ஷுக்ரி மொழிபெயர்த்தான். பணிப்பாளர் தலையசைத்தார்.

"இப்பிடித் தெனமும் குடிச்சா குடும்பம் என்னாவுறது?" இதுவரை பாடம் சரியாக வந்தது. அடுத்து கணபதி 'உனக்கென்ன' என்று கேட்க வேண்டும். கேட்டார். "ஒனக்கென்ன? நான் எதையும் ஒனக்கு ஒளிச்சா செய்யிறேன்?" கடைசி வசனம் பாடத்தில் இல்லை, உற்சாகத்தில் அவராகச் சேர்த்துக்கொண்டது.

பெரியாயியின் முகம் மாறியதை மர்லியா பார்த்தாள்.

"ஒளிக்கலையா?" என்றாள் பெரியாயி. குரல் வேறாக இருந்தது. "ஒளிக்கலையா நீங்க? சாராயம் குடிச்சா விடிஞ்சா எறங்கிரும். சாமிப் படத்துக்குப் பின்னால ஒரு கடுதாசிய ஒளிச்சு வச்சிருக்கியே, அது எறங்குமா? எந்தக் கைநாட்டக் கூப்பனுக்குன்னு சொல்லி வாங்குன? சொல்லு! யோவ், வாயத் தொறந்து சொல்லுய்யா!"

சனம் வாயைப் பிளந்தது. "அட, பெரியாயி நல்லாத்தான் நடிக்கிறா" என்றார் யாரோ. தனலெட்சுமி மட்டும் இடுப்புக் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடுதாசியை மூன்று வாரத்துக்கு முன் பெரியாயிக்கு வாசித்துக் காட்டியவள் அவள்தான். புருஷனாகச் சொல்லட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று பெரியாயி சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் சண்டைக்கு ஒப்புக்கொண்டதுகூட, ஒருவேளை இந்தச் சாக்கிலாவது அவர் வாயைத் திறப்பார் என்றுதான்.

"என்ன சொல்கிறார்?" என்று பணிப்பாளர் சிங்களத்தில் கேட்டார்.

ஷுக்ரி திணறி, "குடிக்க வேண்டாம் என்கிறார்" என்றான்.

கணபதி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரியாயி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். மர்லியா எழுந்து இருவரையும் உள்ளே போகச் சொன்னாள். பிறகு இணைப்பாளரையும் பணிப்பாளரையும் பார்த்து, "நீங்க இங்கேயே இரிங்க" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ராத்தா! அவர் பாக்க வந்தவர்!" என்று ஷுக்ரி கதவுக்கு வெளியே முணங்கினான். "பதினாறு நிமிசம்தான் இருக்கு!"

உள்ளே அடுப்பங்கரையில் பெரியாயி பாதியில் விட்ட சுளகில் அரிசி இருந்தது. மர்லியா தரையில் உட்கார்ந்து சுளகை மடியில் வைத்துக் கல் பொறுக்கத் தொடங்கினாள். பதினொரு வருடத்தில் அவள் கற்ற வித்தை இது ஒன்றுதான். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், எவ்வளவு பெரிய துக்கமும் தானாக வெளியே வரும். எவ்வளவு நேரத்தில் வரும் என்று மட்டும் சொல்ல முடியாது.

அரைச் சுளகு முடிந்தபோது கணபதி பேசினார். அறுபத்தொன்பதில் அவருடைய அண்ணன் வந்து, ரெண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி எல்லாரும் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப்போடுகிறார்கள், நீயும் போடு என்றாராம். யோசிக்காமல் போட்டார். பெரியாயி மாட்டேன் என்பாளோ என்று, அரிசிக் கூப்பனுக்கு என்று சொல்லி அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்தார். அண்ணன் கப்பலேறிப் போனார். இவர் மறந்தே போனார். மூன்று மாதத்துக்கு முன், பயணத்துக்கு ஆயத்தமாகிக் கண்டியிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு வந்து கடவுச்சீட்டை எடுத்துக்கொள்ளும்படி கடிதம் வந்தது.

"அண்ணன் கடுதாசி போட்டிச்சு மிஸ்ஸி. மொதக் கடுதாசில எல்லாம் நல்லாருக்குன்னு இருந்திச்சு. ரெண்டாவதுல ஒண்ணுமே இல்ல, சொகமான்னு கேட்டிருந்திச்சு. மூணாவதுல, கோத்தகிரியில கொழுந்து ஆயிறோம்னு இருந்திச்சு. கொழுந்து ஆயிறதுக்குக் கடலத் தாண்டணுமா? எனக்கும் போக விருப்பமில்ல. அதுனாலதான் ஒளிச்சு வச்சேன்."

நடிப்பாக இருந்தால் இந்த இடத்தில் தீர்ந்திருக்கும். இருவருக்கும் போக விருப்பமில்லை. கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வெளியே வந்திருக்கலாம். மர்லியாவுக்கும் ஒரு கணம் அப்படித் தோன்றி, சுளகைக் கீழே வைக்கப் போனாள்.

பெரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "போறதுன்னா போவோம், இருக்கறதுன்னா இருப்போம். நான் அதக் கேக்கல. என் கட்டவெரல என்கிட்டக் கேக்காம நீ எப்பிடிக் குடுத்த?"

கணபதி மர்லியாவைப் பார்த்தார்.

"என்னப் பாக்க வேணாம்" என்றாள் மர்லியா. "கேட்டது அவங்க." சுளகை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே இருபத்தைந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. பணிப்பாளர் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பண்டாரவளையில் சோறு ஆறிவிடும். அவர் படியிறங்கப் போகும்போது லெட்சுமி என்ற கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு பழுப்பு உறையை அவர் கையில் வைத்தாள். சிங்களத்தில் வந்த அரசாங்கக் கடிதம். ஐந்து மாதமாக அவளிடம் இருந்தது. வாசிக்க ஆளில்லை என்பதல்ல. மிஸ்ஸியிடம் கொடுக்கவே பயம். தன்னை நாட்டைவிட்டுப் போகச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து, ட்ரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இவ்வளவு பெரிய ஆள் நேரில் வந்ததும், தன்னை ஏற்றிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு செய்திருந்தாள்.

பணிப்பாளர் நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி வாசித்தார். தனலெட்சுமி தனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில் கேட்டுக் கிழவிக்குச் சொன்னாள்: "ஒன் மகனோட பொறப்புப் பத்திரத்துல பேரத் திருத்திட்டாங்களாம் ஆத்தா. பத்திரத்த வந்து எடுத்துக்கிட்டுப் போன்னு எழுதியிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"பொட்டியப் பிரிக்கலாமா?" என்று கேட்டாள் கிழவி.

"பிரி ஆத்தா."

அவ்வளவுதான். வாசலில் நின்ற சனம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. பணிப்பாளர் நிம்மதியாக மூச்சுவிட்டார். ஆனால் சனம் கலைந்தது, அவரவர் காம்பராவுக்குப் போய்ப் பெட்டிகளிலும் கூரை இடுக்கிலும் இருந்த கடிதங்களை எடுத்துவரத்தான். ஐந்து நிமிடத்தில் வரிசை கான்வரை போனது. தனலெட்சுமிக்கு இரண்டு கையும் தேவைப்பட்டதால், இடுப்பிலிருந்த குழந்தையைப் பணிப்பாளரின் மடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஷுக்ரியின் மடியிலும் ஒன்று இருந்தது. கைக்கடிகாரத்தை அது வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

மர்லியா கதவைத் திறந்தபோது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. பணிப்பாளர் மடியில் ஈரத்தோடு பத்தொன்பதாவது கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் பிளேன்டீக் கோப்பைகள் வரிசையாக இருந்தன.

ஷுக்ரி இடுப்பில் குழந்தையோடும் கையில் படிவத்தோடும் ஓடிவந்தான். "வழங்கிய அறிவுரை எத்தன ராத்தா?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லயா? மூணு மணித்தியாலம் உள்ள என்னதான் செஞ்சீங்க?"

"அரிசி பொறுக்கினன்."

அது உண்மைதான். "தப்புதான்" என்ற ஒரே சொல் கணபதியின் வாயிலிருந்து வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் அண்ணனைக் குறை சொன்னார், மையைக் குறை சொன்னார், அன்றைக்குப் பெய்த மழையைக் கூடக் குறை சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல்லைக் கேட்டபிறகும் பெரியாயி மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "மிஸ்ஸி, அந்தக் கடுதாசிக்கு என்னா பதிலு எழுதலாம்?" என்று மட்டும் கேட்டாள். போக விருப்பமில்லை என்று ஒரு கடிதம் எழுதினாள் மர்லியா. இம்முறை பெரியாயி அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, தானே விரலை மையில் தோய்த்து வைத்தாள். ஒரு கடிதத்தோடு முடிகிற காரியமில்லை என்பது மூவருக்கும் தெரியும்.

"தீர்ந்தது எண்டு போடுறன்" என்றான் ஷுக்ரி, பேனாவை எடுத்தபடி. "தயவுசெஞ்சு."

"தீரல்லயே தம்பி."

பணிப்பாளர் குழந்தையைத் தனலெட்சுமியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். அலுத்துப் போயிருந்தார். தீர்ந்துபோன மற்ற எண்பத்துச்சொச்சம் பிணக்குகளைப் பற்றி அவர் சிங்களத்தில் கேட்டார். மர்லியாவுக்கு மறைக்கத் தெம்பில்லை. சின்னராசாவின் கண்ணிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஷுக்ரி காதைப் பொத்தப் பார்த்தான். கையில் குழந்தை இருந்ததால் முடியவில்லை.

பணிப்பாளர் படிவத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வேலை போயிற்று என்று மர்லியா நினைத்தாள்.

"அந்தப் பிறப்புப் பதிவாளர்" என்றார் கடைசியில், "அவரோடு இன்னும் பிணக்கு இருக்கிறதா?"

"ஒம்பது இருக்கு சேர்."

அவர் ஒன்பதையும் எழுதித் தரச் சொல்லி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதில் ஆறு உண்மையாகவே அந்த மாதத்தில் முடிந்தன.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து புதிய படிவம் வந்தது. 'ஏனையவை' என்று நாலாவது ஓர் இனம் சேர்த்திருந்தார்கள். பணிப்பாளரின் கைங்கரியம். அதற்கு எட்டு நிமிடம் என்று ஷுக்ரியின் மேலாளர்கள் நிர்ணயித்திருந்தார்கள். அந்த மாதம் மர்லியா ஏனையவை அறுபத்திரண்டும் குடும்பப் பிணக்கு பூச்சியமும் எழுதினாள். அட்டையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. ஷுக்ரி அதை வைக்கும்போது மையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலந்தான். தூரத்தில் நின்று பார்த்தால் புள்ளி இருப்பதே தெரியாது.

அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்தது. சங்கம் அதைப் புதுப்பிக்கவில்லை. தோட்டங்களில் பிணக்குப் போதாது என்று அறிக்கையில் எழுதிவிட்டு வேறு மாகாணத்துக்குப் போனது. ஷுக்ரி ஜாபிரின் துணிக்கடையில் மேலாளராகச் சேர்ந்து, முதல் வாரமே சுவரில் அட்டை மாட்டினான். மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் அரசாங்கத்துக்குத் திரும்பின. மர்லியா மட்டும் திரும்பவில்லை. மனிதர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம். தன்னுடைய வேலைக்குத் தானே விண்ணப்பித்து, இருபத்தொரு வயதுப் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் காத்திருந்து, நேர்முகத்துக்குப் போனாள். தோட்டப் பகுதி பழக்கமா, மலையேற முடியுமா என்று கேட்டார்கள். முயற்சி செய்கிறேன் என்றாள். பயிலுநர் என்று கடிதம் வந்தது. பதினொரு வருடச் சேவை காற்றில் போனதற்கு அவள் அன்று வீட்டில் கொஞ்சம் அழுதாள். திங்கட்கிழமை வழக்கமான ரயிலில் ஏறினாள்.

கண்டிக்குப் போன கடிதங்கள் மொத்தம் ஏழு. ஏழாவதுக்குத்தான் பதில் வந்தது: விண்ணப்பதாரியின் மறுப்பு கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. அதற்கு என்ன அர்த்தம் என்று மர்லியாவுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் போகச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் எழுதவில்லை. கணபதியும் பெரியாயியும் மூன்றாம் லயத்திலேயே இருந்தார்கள்.

அவர்களால் லயத்துக்குத்தான் நிம்மதி போனது. இருபத்திரண்டு வருடம் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் பெரியாயிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. ஞாயிறு தோறும், சம்பளமில்லாத நாளாகப் பார்த்து, இஸ்தோப்பில் நின்று தொடங்குவாள். கணபதியும் பதில் சொல்லப் பழகிவிட்டார். நடுவில் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்வார். ஒரு நாள் மர்லியா மலையேறி வரும்போது பக்கத்துக் காம்பராக்காரர்கள் நாலு பேர் வழிமறித்தார்கள்.

"மிஸ்ஸி, நீங்கதானே பேசச் சொல்லிக் குடுத்தீங்க. நிப்பாட்டச் சொல்லுங்க. படுக்க முடியல."

மர்லியா எட்டிப் பார்த்தாள். பெரியாயி இடுப்பில் கை வைத்து, எழுபத்திரண்டாம் ஆண்டில் தன்னைக் கேட்காமல் விற்ற ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசும்போதே ஒரு கையால் கணபதிக்கு ரொட்டியைத் தட்டில் போட்டாள். கணபதி அதைத் தின்றுகொண்டே, "அது ஆடு இல்ல, கெடா" என்று வாதாடினார்.

"நல்லாத்தானே இரிக்காங்க" என்றாள் மர்லியா. அன்றைக்கு அவளுக்கு ஏழாம் லயத்தில் வேலை இருந்தது. குடையை விரித்துக்கொண்டு மேலே ஏறினாள்.